பெபேயாள் வாத்தியாரின் நாலாவது அத்தியாயம்

இந்தக் கதையைப் பெபேயாள் வாத்தியார் வாயால் கேட்பதுதான் நியாயம். ஆனால் அவர் சொன்னால் தன்னை இன்னும் நாலு படி கீழே இறக்கிச் சொல்வார். கேட்கிறவர்களுக்கே சங்கடமாகி, போதும் ஐயா, விடுங்கள் என்று கெஞ்ச வேண்டி வரும். நான் கொஞ்சம் இரக்கப்பட்டுச் சொல்கிறேன்.

பெபேயாள் என்பது மாணவர்கள் வைத்த பட்டம். போதகர் வேலைக்கு ஆள் தயார் செய்யும் ஒரு சின்னக் கல்லூரியில் அவர் ஆதித் திருச்சபை வரலாறு நடத்தினார். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பத்தாவது நிமிடம் பெபேயாளிடம் வந்து நிற்பார். பைபிளில், பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நீளமான கடிதத்தின் கடைசியில் வரிசையாகப் பெயர்கள் வரும் இடத்தில் முதல் ஆளாக வருகிறவள் அவள். கெங்கிரேயா என்ற துறைமுகத்துச் சபையைச் சேர்ந்தவள், பலருக்கும் ஆதரவாக இருந்தவள். இரண்டே வசனம். அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு துணுக்கும் கிடையாது. அந்தக் கடிதத்தைக் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சிக்காரர்களில் பலருடைய கருத்து. இந்த இரண்டு வசனத்தை வைத்துக்கொண்டு நம் வாத்தியார் டாக்டர் பட்டத்துக்காகப் பன்னிரண்டு வருடம் ஆய்வேடு எழுதினார். நானூற்றுப் பதினாறு பக்கம்.

அதில் நாலாவது அத்தியாயம்தான் உயிர்நிலை. அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களுக்குத் தபால் வசதி கிடையாது. அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. ஆகவே கொண்டுபோனவளே வாசித்தும் காட்டியிருப்பாள், கேட்ட கேள்விக்கு விளக்கமும் சொல்லியிருப்பாள் என்பது அவர் வாதம். வகுப்பில் இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். "சபைத் தலைவர்னு சொன்ன உடனே உங்க மனசுல தாடி வெச்ச ஒரு ஆம்பளைதானே வர்றாரு? ஏன் வர்றாரு? யோசிங்க," என்று பையன்களைப் பார்த்து விரலை நீட்டுவார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு யோசிப்பது போல இருப்பார்கள்.

ஆய்வேடு வெளித்தேர்வாளரிடம் போயிற்று. அவர் ஓய்வு பெற்ற பேராசிரியை. அவரிடம் போன ஆய்வேடுகள் எல்லாம் பாதியாக இளைத்துத்தான் திரும்பி வரும் என்பதால் கல்லூரி வட்டாரத்தில் கத்தரி அம்மையார் என்று பெயர். ஒரு பெண் படிக்கிறார், பெண்ணைப் பற்றிய ஆய்வு, தட்டிக் கொடுத்துவிடுவார் என்று வாத்தியார் மனக்கோட்டை கட்டினார். மூன்று பக்க அறிக்கை வந்தது. மற்ற அத்தியாயங்கள் எப்படியோ தப்பித்துவிட்டன. நாலாவதைத்தான் அம்மையார் உரித்து எடுத்திருந்தார். பெபேயாளை மேடையில் ஏற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்காத குறைதான் என்று எழுதியிருந்தார். கடிதம் கொண்டுபோகிற ஒருவர் வாசலில் என்ன செய்வார், என்ன பேசுவார் என்று இந்த ஆசிரியர் ஒரு நிமிடம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. இவருக்கு வேண்டியது இன்றைய பெண் ஒருத்தி. அவளுக்குப் பழைய உடுப்பு போட்டுவிட்டிருக்கிறார். அவளை அவள் காலத்திலேயே நிற்க விடட்டும். அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு அறுபது நாளில் வாய்மொழித் தேர்வுக்கு வரட்டும்.

அந்த அறுபது நாளில்தான் எல்லாம் இருந்தது. ஆய்வுப் பதிவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாம் முறை கிடையாது என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் பன்னிரண்டு வருடமும் கிணற்றில் போட்ட கல். அவரிடம் பாடம் கேட்ட மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கி, அதே கல்லூரியில் அவருக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு இவர் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அது தொண்டையில் முள்ளாகக் குத்தும்.

வீட்டில் முன்னறை முழுக்க அவருடைய ராஜ்யம். மேசை, இரண்டு அலமாரி, ஜன்னல் திட்டு, தையல் மிஷின் மூடி எல்லாவற்றிலும் புத்தகம். சாப்பாட்டு மேசையை முதல் நூற்றாண்டு பிடித்துக்கொண்டதால் அவர் மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பி மூன்றரைக்குத் திரும்புவாள். வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அவள் தபால்காரி. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், வாத்தியாருக்கே அது ஞாபகத்தில் இல்லை என்பதுதான் என் பதில்.

அறிக்கையைப் படித்த வாத்தியார் நூலகத்துக்கு ஓடினார். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய பழைய கடிதங்களின் தொகுப்புகளை எடுத்து வந்தார். சில கடிதங்களில், மீதியைக் கொண்டுவருகிறவரிடம் கேட்டுக்கொள்ளவும் என்ற மாதிரி எழுதியிருந்தது. துள்ளிக் குதித்து அடிக்குறிப்பு போட்டார். ஆனால் கேட்டவர்கள் என்ன கேட்டார்கள், கொண்டுவந்தவர் எப்படிச் சொன்னார் என்பதற்கு எதிலும் விடை இல்லை. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் பழைய கடிதங்களில் கரைகண்டவர் என்று பெயரெடுத்த ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதுவது என்று முடிவு செய்தார். கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் என்ன செய்வார், படிக்கத் தெரியாதவர் கையில் கடிதத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஆறு கேள்விகள். மூன்று முறை பிரதி எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"இதை ரிஜிஸ்டர் பண்ணிடு. ரொம்ப முக்கியம்."

அவள் உறையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "என்ன விஷயம்?" என்றாள்.

"உனக்குப் புரியாதும்மா. லெட்டர் கொண்டுபோறவங்களைப் பத்தி."

"ஓ," என்று சொல்லிவிட்டு அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதையும் அவள்தான் கொண்டுவந்தாள். ஆறு கேள்விக்கும் சேர்த்து ஆறே வரி. எனக்கு இருப்பது ஏட்டறிவுதான், உங்கள் ஊரில் இன்னும் தபால்காரர்கள் வீடு வீடாக நடந்துபோய்க் கடிதம் கொடுப்பார்களானால், நீங்கள் என்னைவிடக் கொடுத்துவைத்தவர், அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள் என்று அந்த நல்ல மனிதர் எழுதியிருந்தார். வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். இவ்வளவு சுலபமான விஷயம் நமக்குத் தோன்றவில்லையே, நாமும் ஒரு வாத்தியாரா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டிவிட்டு, மறுநாள் காலை சட்டையை மாற்றிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனார்.

இந்த இடத்தில் அவர் கதையை நிறுத்திக் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார். யாராவது சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். "பொறுங்க, இன்னும் வரல," என்பார்.

போஸ்ட்மாஸ்டர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் தன்னை இன்ன கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு தபால்காரரிடம் பேச வேண்டும் என்றார். நல்ல அனுபவஸ்தராக இருக்க வேண்டும், ஜனங்களோடு பழகினவராக இருக்க வேண்டும், பொறுமையாகப் பதில் சொல்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் மனக்கண்ணில் நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார்.

போஸ்ட்மாஸ்டருக்கு இவர் யார் என்று தெரியும். விளையாடுகிறாரோ என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை.

"ஏழாம் நம்பர் பீட்ல ஒருத்தங்க இருக்காங்க," என்றார். "அந்தப் பக்கம் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எல்லாருக்கும் அவங்கதான் படிச்சுச் சொல்லுவாங்க. இந்த ஆபீஸ்ல அவங்களை விட்டா வேற ஆள் கிடையாது."

"அற்புதம். அவரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

போஸ்ட்மாஸ்டர் பலகைத் தடுப்புக்குப் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். விரல் இடுக்குகளில் கடிதக் கட்டுகளைச் செருகியபடி வாத்தியாரின் மனைவி வெளியே வந்தாள். கணவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வேலை நேரத்தில் அவர் அங்கே காலடி வைத்தது அதுவே முதல் தடவை. "என்னங்க, நம்ம பொண்ணுகிட்ட இருந்து ஏதாவது செய்தியா?" என்று பதறினாள்.

வாத்தியார் வாயில் வந்த ஒன்றைச் சொன்னார். "சாவியை மறந்துட்டேன்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். வாத்தியார் சட்டைப் பையில் ஒரு சாவியும் கையில் ஒரு சாவியுமாக வீடு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. தாடி வைத்த ஆம்பளை, தாடி வைத்த ஆம்பளை என்று வருடக் கணக்காகப் பையன்களை விரட்டிய விரல் எது என்று பார்த்தால் அது அவர் கையில்தான் இருந்தது.

மாலையில் அவள் வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்ததும், பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "அப்போ நான் கொண்டுபோய்ப் போட்ட லெட்டர்ல இதைத்தான் கேட்டிருந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் நனைந்தது. விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். வாத்தியார் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு வலித்தது, ஆனால் அது இல்லாமல் அன்று அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

போஸ்ட்மாஸ்டர் பெரிய மனது வைத்தார். பத்தடி தள்ளி நடக்க வேண்டும், பையைத் தொடக் கூடாது, வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் ஒழிய அருகில் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு நாள் கூடப் போக அனுமதி கொடுத்தார். ஏழாம் நம்பர் பீட் என்பது பட்டறைகளும் சலவைக் கூடங்களும் வரிசை வீடுகளுமாக ஐந்து மைல் நடை. முதல் மைலிலேயே வாத்தியாருக்கு முழங்கால் முனகியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கல்லூரியில் அவளை வாத்தியார் மனைவி என்பார்கள். இங்கே அவள் தபாலம்மா. பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, இது யார் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்," என்றாள். என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்விக்கு, "படிச்சிட்டிருக்காரு," என்றாள். அவர்கள் அவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அவளை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

லேத் பட்டறைக்காரருக்கு ஒரு அரசாங்கக் கடிதம். அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, "நீயே சொல்லும்மா," என்று திருப்பிக் கொடுத்தார். அவள் முதலில் முழுவதையும் தனக்குள் படித்தாள். பிறகு கடிதத்தின் தலையிலிருந்து தொடங்காமல், எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்னாள். அதன் பிறகுதான் காரணம். அவர் கோபப்பட்டுக் கத்தினார். கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, அதே விஷயத்தை வேறு விதமாக இன்னொரு முறை சொன்னாள். வாத்தியார் குறிப்பேட்டில், முதலில் மௌனமாக, என்று எழுதினார்.

சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற அம்மாவுக்கு ஜெயிலில் இருக்கும் தம்பியிடமிருந்து கடிதம். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தபாலம்மா நிதானமாகப் படித்தாள். எட்டு வரிதான்.

"கோவமா எழுதியிருக்கானா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"கோவம் இல்லக்கா. அங்க ஒரே ஒரு காகிதம்தான் குடுப்பாங்க. மூணு பேருக்கு எழுதணும். அதான் சுருக்கம்."

"உடம்பு நல்லா இருக்குன்னு சொல்றானே, நெஜமா?"

"போன தடவை எழுத்து கோணலா இருந்துச்சு. இப்போ நேரா இருக்கு. நல்லாத்தான் இருக்கான்."

பிள்ளையைப் பற்றித் தம்பி விசாரித்திருந்த வரியை அந்த அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். தபாலம்மா படித்தாள். மறுபடியும் கேட்டபோது மறுபடியும் படித்தாள், குரலில் சலிப்பே இல்லாமல். பத்தடி தள்ளி நின்ற வாத்தியாருக்கு எழுத மறந்து போயிற்று. இருபத்தாறு வருடம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு குரல் அதற்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

மதியம் ஒரு பட்டறைக் கூரையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்படி வாசித்துச் சொல்ல வேண்டும் என்று உங்கள் பணி விதிகளில் எங்கே இருக்கிறது என்று வாத்தியார் கேட்டார். அடிக்குறிப்புக்கு ஆதாரம் தேடும் புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"எங்கயும் இல்ல," என்றாள். "எழுதி வெச்சிருந்தா, செய்யக் கூடாதுன்னு சொல்ல ஒரு ஆளும் வந்திருப்பான்."

வாத்தியார் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெபேயாள் விளக்கம் சொன்னாள் என்று ஏன் ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்ற கேள்வியோடு அவர் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார். ஊர் அறிய தினமும் நடக்கிற காரியத்தை யார் எழுதி வைப்பார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. சரி, அப்படியானால் பெபேயாளும் உன்னை மாதிரிதான் என்று உற்சாகமாகச் சொன்னார். அந்தப் பெண் யார், வசதி எப்படி என்று அவள் விசாரித்தாள். சொந்த வீடு இருந்திருக்கும், நாலு பேரைத் தாங்குகிற அளவுக்கு வசதி இருந்திருக்கும், கடல் பயணம் போகிற அளவுக்குச் செல்வாக்கு, ஒருவேளை அடிமைகளும் இருந்திருக்கலாம் என்று வாத்தியார் விளக்கினார்.

"அப்போ அவ எங்க என்னை மாதிரி?" என்றாள். "அவ பையை அவ தூக்கியிருக்க மாட்டா. வாசல்ல நிக்கவும் மாட்டா, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பாங்க. அவ சொல்றதை எல்லாரும் கேப்பாங்க. நாளைக்கு ஒரு உதவின்னா அவகிட்டதானே போகணும்? எங்கிட்ட கேக்கறது வேற ஆள் இல்லாததால. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

கத்தரி அம்மையார் மூன்று பக்கத்தில் சொன்னதை இவள் ஊறுகாய் தொட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அவளுக்கு ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. அந்தக் கடிதம் எத்தனை வீட்டுக்கு வந்தது என்று கேட்டாள். ஒரே கடிதம்தான், ஆனால் ரோமாபுரியில் அவர்கள் பல வீடுகளில் கூடினார்கள், எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்பதில் அவர்களுக்குள் மனஸ்தாபமும் இருந்தது என்றார்.

"அப்போ யார் வீட்ல முதல்ல படிச்சா?"

வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தார்.

"சண்டை போட்ட ரெண்டு வீடு இருந்தா, எந்த வீட்ல முதல்ல படிக்கறோம்ங்கறதுதான் பெரிய விஷயம். ரெண்டாவது வீட்ல உள்ள போகும்போதே மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருப்பாங்க. அங்க வேற மாதிரி கேள்வி வரும், வேற மாதிரிதான் பதில் சொல்லணும். நம்ம பட்டறைத் தெருவுல எனக்கு தினம் இந்தத் தலைவலிதான்."

நானூற்றுப் பதினாறு பக்கத்தில் இந்தக் கேள்வி ஒரு இடத்திலும் இல்லை. அவர் ஒரு பெரிய கூடத்தைக் கட்டி, எல்லாரையும் அதில் உட்கார வைத்து, பெபேயாளை நடுவில் நிறுத்தி, ஒரே ஒரு முறை வாசிக்க வைத்து அனுப்பியிருந்தார்.

மிச்சமிருந்த நாட்களில் அந்தக் கூடத்தை இடித்துத் தள்ளினார். நாலாவது அத்தியாயத்தைப் புதிதாக எழுதினார். பெபேயாள் இப்போது வீடு வீடாகப் போனாள். பயணக் களைப்போடு விருந்தாளியாக உட்கார்ந்தாள். செல்வாக்குள்ள பெண்ணுக்கு அந்தக் காலம் கொடுத்த மரியாதை அவளுக்கு முன்னால் நடந்து போயிற்று. அதே செல்வாக்கு இல்லாத வேறொருத்தியை அந்த வீடுகள் கேட்டிருக்குமா என்ற சந்தேகத்தையும் வாத்தியார் மறைக்காமல் எழுதினார். கடிதத்தின் எந்தெந்த இடத்தில் எந்த வீடு குறுக்கிட்டிருக்கும், என்ன கேட்டிருக்கும் என்று பட்டியல் போட்டார். எதையும் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம், இருந்திருக்கக்கூடும் என்றே எழுதிப் போனார். இருபது பக்கத்துக்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

வாய்மொழித் தேர்வில் கத்தரி அம்மையார் நேராக அந்த இருபது பக்கத்தைத்தான் பிரித்தார். சின்ன உருவம், காதில் கேட்கும் கருவி, கையில் சிவப்புப் பென்சில். யார் வீட்டில் முதலில் வாசித்தாள் என்ற கேள்வி நல்ல கேள்வி, இதை எங்கிருந்து பிடித்தீர்கள், அடிக்குறிப்பைக் காணோமே என்று கேட்டார்.

வாத்தியாருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. என் சொந்தச் சிந்தனை என்று சொல்லிவிட்டால் அந்த இருபது பக்கமும் அவருடைய புதுமை; பட்டம் கைக்கெட்டும் தூரம். மனைவி சொன்னாள் என்றால் முதல்வர் சிரிப்பார், அம்மையார் பென்சிலைத் தீட்டுவார். அந்த நேரம் தான் யோசித்தது உண்மை என்று வாத்தியார் ஒப்புக்கொள்வார். ஒரு நொடிதான் யோசித்தேன் என்று சொல்லலாம், ஆனால் சுவரில் கடிகாரம் இருந்தது, எட்டு நொடி என்பார்.

"என் மனைவிகிட்ட இருந்து. அவங்க தபால்காரி," என்றார்.

முதல்வர் இருமினார். அம்மையார் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு தபால்காரி இன்றைக்குச் சொல்வது முதல் நூற்றாண்டுக்குச் சாட்சியாகுமா என்று கேட்டார்.

"ஆகாதும்மா. பெபேயாள் என்ன செஞ்சான்னு எனக்கு இப்பவும் தெரியாது. என்ன கேக்கணும்னு இப்போதான் தெரிஞ்சிது."

அம்மையார் முதல்வர் பக்கமும் இன்னொரு தேர்வாளர் பக்கமும் திரும்பிச் சரி என்று தலையை ஆட்டினார். தேறியாயிற்று. ஒரே ஒரு திருத்தம். தகவல் கொடுத்தவரைப் பற்றிய விவரப் படிவத்தை முறைப்படி நிரப்பிப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், ஒரு வாரத்தில், பெயர் இல்லாத தகவலாளி என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டுக் கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டார்.

வாத்தியார் வீட்டுக்குப் பறந்தார். சாப்பாட்டு மேசையிலிருந்த புத்தகங்களை எல்லாம் தரைக்கு இறக்கினார். மேசை என்ன நிறம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மனைவி வந்ததும் எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பாடா, முடிஞ்சிதா?" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

படிவத்தில் ஐந்தே கேள்வி. பெயர் எழுதினார், அதில் சிக்கல் இல்லை. வயது நாற்பத்தேழு என்று எழுதினார். நாற்பத்தொன்பது என்று அவள் திருத்தினாள். பணியில் பதினெட்டு வருடம் என்று எழுதினார். இருபத்து மூன்று என்றாள். வாத்தியாருக்கு வியர்த்தது. கெங்கிரேயாத் துறைமுகத்தில் எந்த மாதம் கப்பல் ஓடாது என்று யார் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். பீட் நம்பர் ஏழு என்பதைச் சரியாக எழுதிவிட்டுப் பரீட்சையில் ஒரு மார்க் வாங்கிய பையனைப் போல நிமிர்ந்து பார்த்தார். கடைசிக் கேள்வி கல்வித் தகுதி. அதை அவளிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று, பத்தாம் வகுப்பு என மளமளவென்று எழுதினார்.

தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது தபால் பிரிக்கிறவர்களுக்குக் கைவந்த கலை. எதிரில் இருந்தபடியே அவள் சொன்னாள்: "அதை அடிச்சிட்டு பி.ஏ.ன்னு போடுங்க."

"யாரு பி.ஏ.?"

"நான்தான். சரித்திரம். அஞ்சல் வழியில படிச்சேன். போன வருஷம் முடிஞ்சிது."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். எப்போது படித்தாய் என்று கேட்டார். பீட் முடிந்ததும் ஆபீஸிலேயே கடிதம் பிரிக்கிற மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிப்பாளாம். பரீட்சை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் டூட்டி என்றாயே என்றார். நான் எங்கே சொன்னேன், ஸ்பெஷல் டூட்டியா என்று நீங்களே கேட்டீர்கள், நீங்களே தலையாட்டிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டீர்கள் என்றாள். மகளுக்குத் தெரியும். போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியும். ஏழாம் நம்பர் பீட்டில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல உங்க முறை முடியட்டும், அப்புறம் நான் படிக்கலாம்னுதான் இருந்தேன்," என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "எட்டாவது வருஷம் பார்த்தேன். இது முடியற மாதிரி தெரியல. சேர்ந்துட்டேன். நீங்க முடிக்காம இருக்கும்போது நான் முடிச்சிட்டேன்னு எப்படிச் சொல்றது? சர்டிபிகேட்டும் நம்ம விலாசத்துக்கே ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. நானே கொண்டு வந்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்."

வாத்தியாருக்குச் சிரிக்கத்தான் வாய் திறந்தது. அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் அழுகிறாரா, சந்தோஷத்தில் அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொல்வார். அவள் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, மேலே விழுந்திருந்த கண்ணீரை ஒரு துணியால் ஒற்றி எடுத்தாள்.

"எழுதுங்க. முதல் வகுப்புன்னும் சேர்த்துப் போடுங்க."

வாத்தியார் அந்தக் காலத்தில் தன் பி.ஏ.வில் வாங்கியது இரண்டாம் வகுப்பு. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு என்பதை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினார்.